கம்பத்து முனையிலிருந்து ஒரு பத்திரிகை

உலகச் செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: யாரைப் பற்றி எழுதினார்களோ அவரோடு மறுநாள் காலை ஒரே டீக்கடையில் நிற்க வேண்டியதில்லை.

எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திருவள்ளூரின் பழைய பகுதியில், கோயில் குளத்தை ஒட்டிய தெருக்களுக்காக 'குளக்கரை' என்று நாலு பக்கப் பத்திரிகை நடத்துகிறேன். இலவசம். ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர் எல்லாம் நானே. படம் எடுப்பது, பக்கம் கட்டுவது, வீடு வீடாகப் போடுவது குமரேசன். அவர் முன்பு கல்யாண ஸ்டூடியோ வைத்திருந்தவர். அதனால் எங்கள் படங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், குடிநீர்க் குழாய் உடைந்த செய்தி உட்பட.

எனக்கு வீடு வேப்பம்பட்டில். எங்கள் நகரிலேயே மிகப் பழைய பொருள் எது என்று கேட்டால் எங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிதான். அதனாலோ என்னவோ, காலை ரயிலில் வந்து இறங்கி இந்தத் தெருக்களுக்குள் நுழைந்ததும் எனக்குக் கொஞ்சம் மயக்கம் வந்துவிடும். குளத்துப் பக்கமிருந்து ஈரக் காற்று வரும், யாரோ சாம்பிராணி போட்டிருப்பார்கள், நான் பாதிக் கனவில் நடந்து போய் அலுவலகத்தைத் திறப்பேன். அலுவலகம் என்றால் ஓர் அறை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு நேரே தெரு முனையில் ஒரு பழைய இரும்பு விளக்குக் கம்பம். அதைப் பார்த்தபடிதான் எல்லாவற்றையும் எழுதினேன். இனி வருவதெல்லாம் அந்த ஜன்னலில் உட்கார்ந்து நான் பட்டவை. அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின்கள், குடியிருப்போர் சங்கச் சுற்றறிக்கை எழுதுகிறவர்கள், திருவிழா மலர் போடுகிறவர்கள் எல்லோரும் என் இனம், உங்களுக்குப் புரியும்.

அமாவாசைப் பதிப்பு

எங்கள் பத்திரிகை அமாவாசைக்கு அமாவாசை வரும். அன்றைக்குத்தான் ஊரில் கூட்டம். முந்தின நாளே வந்து தெருவெல்லாம் படுத்துக் கிடப்பார்கள். விடிந்ததும் குளத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள். வெல்லம் கரைவது போல உடம்பில் இருக்கும் நோயும் கரைந்துவிடும் என்று நம்பிக்கை. அந்த விடியற்காலையில் குளத்தைப் பார்க்க வேண்டும். மேலே லேசாகப் பனி, படிகளில் ஆயிரம் கைகள், எல்லாக் கையிலும் ஒரு வெல்லக் கட்டி. தண்ணீரே இனித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபடி நான் படியில் உட்கார்ந்துவிடுவேன். குமரேசன் வந்து தோளைத் தட்டி, பேப்பர் கட்டுகள் ஈரமாகின்றன என்பார்.

ஒருமுறை அப்படிக் கூட்டத்தில் ஓர் அம்மாள் எங்கள் பத்திரிகையைக் கையில் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவர் போலிருக்கிறது, பேச்சில் தெலுங்கு வாசனை. எனக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. எந்தச் செய்தி பிடித்திருக்கிறது என்று பக்கத்தில் போய்க் கேட்டேன். அவர் பத்திரிகையைத் தரையில் விரித்து, அதன்மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"எனுக்குப் படிக்க வராதும்மா. ஆனா பேப்பரு நல்லா கெட்டியா கீது, ஈரமே ஏறல. வர்ற அமாவாசைக்கும் இதே பேப்பர்லயே போடு."

சிவப்புப் பெயிண்ட்

அந்தக் கம்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார்ப்பிரும்பு. ஆள் உயரத்துக்கு மேல் கழுத்துப் பகுதியில் சுற்றிலும் பூ வேலைப்பாடு. உச்சியில் கண்ணாடிக் கூடு இருந்த இடத்தில் இப்போது வெறும் சட்டம்தான், காகம் உட்காரும். அது எரிந்து பார்த்தவர்கள் இப்போது கிழவர்கள். ஆனாலும் கல்யாணப் பத்திரிகையில் 'கம்பத்து முனை அருகில்' என்று போட்டால் விருந்தாளிகள் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

ஒரு நாள் ஜன்னலைத் திறந்தால் கம்பத்தின் இடுப்பில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. மழைநீர் வடிகால் அந்த வழியாகப் போகிறதாம், கம்பம் இடைஞ்சலாம். அந்த மாதமே முதல் பக்கத்தில் கம்பத்தின் படம் போட்டு, 'இது இங்கேயே நிற்க வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கையெழுத்து வாங்கினோம், மனு கொடுத்தோம். வேலையை மேற்பார்வை பார்க்க வந்தவரிடம் பத்திரிகையை நீட்டினேன். அவர் படத்தையும் பார்த்தார், கம்பத்தையும் பார்த்தார், கடைசியில் என்னையும் பார்த்தார்.

"லைட்டே எரியாத கம்பத்துக்கு இன்னாத்துக்கும்மா இம்மாம் வெளிச்சம் போட்றீங்க?"

ஆளுக்கொரு கதை

'கம்பத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்' என்று வாசகர்களைக் கேட்டோம். கேட்டிருக்கக் கூடாது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் குதிரை கட்டுவதற்காக நட்டது என்றார் ஒருவர். தன் கொள்ளுத் தாத்தா பட்டணத்துத் துறைமுகத்திலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார் என்றார் இன்னொருவர். எதிர்வீட்டுப் பார்த்தசாரதி சார், பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த விளக்கின் அடியில் உட்கார்ந்து படித்துத்தான் வேலைக்குப் போனதாகக் கண் கலங்கச் சொன்னார். அவரைப் பார்த்துத் தெருவே அதன் அடியில் படித்ததாகக் கிளம்பிவிட்டது.

நான் எல்லாவற்றையும் போட்டேன். எது நிஜம் என்று தேடிப் போகவில்லை; அந்தக் கதைகளைத் தட்டச்சு செய்யும்போது, மாலை நேரத்தில் கம்பத்தைச் சுற்றி ஒரு தெருவே தரையில் உட்கார்ந்து புத்தகம் விரித்திருப்பது எனக்கு அப்படியே தெரிந்தது. பக்கம் கட்டிக்கொண்டிருந்த குமரேசனுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

"இத்தினி பேரும் அது கீழ குந்திக்கினு இருந்தா, வெளிச்சம் எறங்கறதுக்கு எடம் ஏது மேடம்?"

வெள்ளிக்கிழமைப் பொட்டு

கம்பத்தை ஒட்டிய வீடு கஸ்தூரி அம்மாவுடையது. கணவர் காலமாகி, பிள்ளைகள் வெளியூர் போன பிறகு தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் கம்பத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் கயிறு ஒன்றையும் கட்டிவிட்டுப் போவார். இந்தத் தெருவின் பழைய வழிபாடு ஏதோ ஒன்று என்று நானும் பயபக்தியோடு எழுதி வைத்திருந்தேன்.

பெயிண்ட் குறி விழுந்த பிறகு வந்த அமாவாசை. வெளியூர்க் கூட்டம் குளத்துக்குப் போகும் வழியில் மஞ்சளும் குங்குமமும் பளபளக்க நிற்கும் கம்பத்தைப் பார்த்துவிட்டது. முதலில் ஒருவர் கற்பூரம் ஏற்றினார். பின்னால் வந்தவர் உப்பும் மிளகும் கொட்டினார். வெயில் ஏறுவதற்குள் கம்பத்துக்கு வேப்பிலை கட்டியாயிற்று, ஒரு குடும்பம் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டப் பார்த்தது. இனிமேல் யார் இதைப் பிடுங்குவார்கள் என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். கஸ்தூரி அம்மா வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இந்த வழிபாடு எந்தக் காலத்திலிருந்து நடக்கிறது என்று கேட்டேன்.

"வழிபாடும் இல்ல, ஒண்ணும் இல்ல. போறவன் வர்றவன்லாம் நம்ம ஊட்டாண்ட ஒண்ணுக்குப் போறானேன்னு பொட்டு வெச்சேன்மா. இவங்க பொங்கலே வெச்சிடுவாங்க போலக்குது!"

எதிர்ச்சாரியில் நிற்பவர்

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் எங்கள் முனையில்தான் நிற்கும். காலையில் டிபன் கேரியரோடு ஒரு கூட்டம் கம்பத்தடியில் காத்திருக்கும். சாலமன் மட்டும் எதிர்ச்சாரியில், டீக்கடைத் தகரத்தின் கீழ் நிற்பார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். கால்வாய்க்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. உருக்காலை ஒன்றில் பழைய இரும்பை அள்ளிப் போடும் காந்தக் கிரேன் ஓட்டுகிறார். 'குளக்கரை'யை ஒரு வரி விடாமல் படிக்கிற ஒரே மனிதர் அவர்தான் என்பது என் கணிப்பு. பஸ் வந்ததும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பத்திரிகையை விரிப்பார். பஸ் பனிக்குள் போய் மறையும்வரை அந்த வெள்ளைத் தாள் தெரியும். அவர் மடியில் என் எழுத்து வயல்களையும் கவரைப்பேட்டைச் செங்கல் லாரிகளையும் தாண்டிப் போவதை நினைத்துக்கொண்டு நான் சும்மா நிற்பேன்.

கம்பத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு, எல்லோருடைய கதையையும் படித்ததாகச் சொன்னார். பஸ் ஹாரன் அடித்தது. படியில் கால் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"எங்க ஊட்லயும் ஒரு கத கீது மேடம். படிச்சா உங்க தெருக்காரங்க பேஜாராயிடுவாங்க. இருக்கட்டும், அப்புறமா சொல்றேன்."

குழி

அப்புறம் ஒரு காலையில் ரயிலிலிருந்து இறங்கி வந்து ஜன்னலைத் திறந்தேன். வானம்தான் இருந்தது. கம்பம் இல்லை.

விடிவதற்கு முன்பே எந்திரம் வந்து பிடுங்கிப் போட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். கம்பம் இருந்த இடத்தில் ஒரு குழி. தெருவே வந்து சுற்றி நின்று குழிக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் நானும் பார்த்தேன். மனுவும் கையெழுத்தும் முதல் பக்கமும் எல்லாம் வீண் என்று அழுகையே வந்துவிட்டது. விசாரித்தோம். அவர் இவரைக் கேட்கச் சொன்னார், இவர் பழைய இரும்புக்காரரைக் கேட்கச் சொன்னார், பழைய இரும்புக்காரர் லாரி போய்விட்டது என்றார். அன்று வெள்ளிக்கிழமை. கஸ்தூரி அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வந்து, குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஸ்டேஷன்ல ஆட்டோ ஏறுனா கம்பத்தாண்ட எறக்கி உடுப்பான்னு சொல்லுவேன். இனிமே இன்னான்னும்மா சொல்றது?"

கண்ணீர் அஞ்சலி

அந்த மாதப் பத்திரிகையில் கம்பத்தின் படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டு வைத்தோம். அச்சுக்குப் போகும் முன்பே செய்தி கசிந்து, 'ஆழ்ந்த வருத்தத்தில்' என்ற இடத்தில் தங்கள் பெயரும் வர வேண்டும் என்று ஆட்கள் வந்துவிட்டார்கள். பார்த்தசாரதி சார் தன் பெயர் முதலில் வர வேண்டும் என்றார். துக்கத்தில் என்ன சார் முதல், இரண்டாவது என்று கேட்டேன்.

"அதும் கீழ உக்காந்து படிச்சு உருப்பட்டவன் நான் ஒருத்தன்தானே! மத்தவங்கள்லாம் சும்மா உக்காந்திருந்தாங்க."

மத்தியானத்தில் ஒரு போன்

அந்த அஞ்சலிப் பக்கம் அச்சுக்குப் போகவேயில்லை. மத்தியான வெயிலில், அரைத் தூக்கத்தில், வெறும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாலமன் போன் செய்தார். பின்னால் பெரிய இரைச்சல். லாரி லாரியாக வந்து கொட்டிய பழைய இரும்பில் காந்தத்தை இறக்கியிருக்கிறார். கப்பென்று ஒட்டிக்கொண்டு மேலே வந்ததில், கட்டில் கால்களுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் நடுவே நீளமாக ஒன்று. அதன் கழுத்தில் பூ வேலை. இடுப்பில் சிவப்புக் குறி, அதற்கு மேல் காய்ந்த மஞ்சள். மஞ்சள் கயிறு அப்போதும் காற்றில் ஆடிக்கொண்டிருந்ததாம்.

அப்படியே உலைக்குப் போக வேண்டியது. இவர் கிரேனை நகர்த்தாமல் அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார். கீழே இருந்தவர்கள் சத்தம் போட, மெதுவாகத் திருப்பி, சுவர் ஓரமாக இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

"உங்க கம்பம் எங்கிட்ட கீது மேடம். வந்து பாக்கறதுன்னா இன்னிக்கே வாங்க."

சுவர் ஓரத்தில்

குமரேசனின் வண்டியில் பெரியபாளையம் வழியாகப் போனோம். அவ்வளவு இரும்பை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. சைக்கிள்கள், கிரில் கதவுகள், தண்ணீர் டிரம்கள், யாரோ குழந்தைக்கு வாங்கிய தொட்டில். வெயிலில் அவற்றின் மேல் காற்றே நெளிந்தது. தூரத்துக் கொட்டகையில் உலை திறந்து மூடும்போது ஆரஞ்சு நிறம் வந்து போயிற்று. இந்த மாவட்டத்து வீடுகள் எல்லாம் இங்கே வந்து ஒன்றாகக் கரையும் போலிருக்கிறது என்று நான் மலைத்து நிற்கையில், சாலமன் சுவர் ஓரம் கூட்டிப் போனார். எங்கள் கம்பம் படுத்திருந்தது. நான் குனிந்து தொட்டேன். அவர் தன் கதையைச் சொன்னார்.

அவருடைய அப்பா, நைனா என்றுதான் சொல்வார், அந்தக் காலத்தில் எங்கள் தெருவாசிகளின் வயலில் கூலி வேலை. கூலி நெல் வாங்க வீட்டுக்கு வர முடியாது. கம்பம்தான் எல்லை. அங்கே செருப்பைக் கழற்றி வைத்து நின்று குரல் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் நெல்லைக் கம்பத்தடியில் கொட்டிவிட்டுப் போன பிறகு அள்ளிக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் சாலமனும் கூட வந்து நின்றிருக்கிறார். கம்பத்தின் மேல் கை படக் கூடாது என்று நைனா அவர் கையை இறுக்கிப் பிடித்திருப்பாராம். "காந்தத்துல அது தொங்கும்போது ஒரு நிமிசம் உள்ள போட்டுர்லாமான்னு கூட நெனச்சேன் மேடம்," என்றார். "அப்பறம் எறங்கி வந்து தொட்டுப் பாத்தேன். எங்க நைனா கடைசி வரிக்கும் தொடவேல்ல. இம்மாம் நாளு இது எங்கள நிறுத்துச்சி. இன்னிக்கி இத நான் நிறுத்தி வெச்சிக்கிறேன்." குமரேசன் கேமராவை எடுத்தவர், உறையைக்கூடத் திறக்காமல் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பழைய இரும்பு யார்டின் அதிகாரி நல்ல மனிதர், ஆனால் எடை போட்டு உள்ளே வந்த இரும்பைச் சும்மா வெளியே விட அவருக்கு வழியில்லை. எடைக்கு எடை வேறு இரும்பு கொண்டுவந்து கொடுத்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார். உலை பழுது பார்க்க நிற்கப் போகிறது, மறுபடி மூட்டும் வரை அவகாசம். தெருவில் சொன்னால் இரும்பு குவிந்துவிடும் என்று நான் துள்ளினேன். சாலமன் கம்பத்தின் பூ வேலையில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தாராளமா எட்த்துக்கினு போலாம் மேடம். ஆனா மறுபடியும் அந்த மொனைல நிக்க வாணாம். எங்க தெருவுல நிக்கட்டும்."

எதிர்வீட்டுக் கோபம்

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே முதல் பக்கத்தில் போட்டேன். நைனா, செருப்பு, நெல், எல்லாம். கடைசியில் இரும்பு வேண்டும் என்றும், கம்பம் காலனியில்தான் நிற்கும் என்றும் போட்டேன். அமாவாசை வந்தது, பத்திரிகை போயிற்று. டீக்கடையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றது. எங்கள் கம்பத்துக்கு எங்கள் இரும்பைக் கொடுத்து இன்னொரு தெருவில் நடுவதா என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. உலை எந்த நாளும் மூட்டிவிடுவார்கள். ஒரு கம்பிகூட வரவில்லை. வெல்லம் கரைந்து குளம் கலங்கிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, இந்தத் தெருவைப் பற்றி நான் கண்டதெல்லாம் கனவுதானா என்று உட்கார்ந்திருந்தேன்.

பார்த்தசாரதி சார் மட்டும் நேரில் வந்தார். பத்திரிகையை நாலாக மடித்து என் மேஜைமேல் வைத்தார். தன் அப்பா காலத்து விஷயத்துக்குத் தன் தெருவை நான் சந்தி சிரிக்க வைத்துவிட்டதாகச் சொன்னார். அப்படி நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"இனிமே உங்க பேப்பர் எங்க வீட்டுக்கு வரவே கூடாது. அமாவாசைக்கு மட்டும் போட்டாப் போதும்."

எடைக்கு எடை

முதலில் கஸ்தூரி அம்மா. தள்ளுவண்டிக்காரர் ஒருவரை அழைத்து வந்து, தன் வீட்டு வெளிக் கேட்டைக் கழற்றச் சொன்னார். துருப்பிடித்த பெரிய இரட்டைக் கேட். கல்யாணமாகி வந்த புதிதில், கம்பத்தடியில் நெல்லைக் கொட்டிவிட்டு வா, திரும்பிப் பார்க்காதே என்று மாமியார் சொல்லி அனுப்புவாராம். "திரும்பிப் பாத்துருக்கேன். ஒரு ஆளும் சின்னப் புள்ளயும் அள்ளிக்கினு இருப்பாங்க. அது அந்த சாலமன்தானான்னு தெரியல," என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கேட் இல்லாத அந்த வாசலைப் பார்த்துப் பார்த்துத் தெரு இளகியது. எல்லோரும் என்று சொல்ல மாட்டேன். சிலர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஆனால் கட்டில் வந்தது, இரும்பு வாளிகள் வந்தன, குமரேசன் தன் ஸ்டூடியோவின் பழைய ஷட்டரைக் கொண்டுவந்தார். காலனியிலிருந்து சைக்கிள்களும் சர்ச்சின் பழைய கூரைச் சட்டங்களும் வந்தன. வண்டி கிளம்பும்போது பார்த்தசாரதி சார் ஓர் இரும்பு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, மேலே ஏற்றிவிட்டுப் போனார். உலை மூட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தோம். எடை மேடையில் வண்டி ஏறி நின்றது. யார்டு அதிகாரி எடையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கம்பத்த விட ஜாஸ்தியாவே கீதும்மா. இம்மாம் ஆச வெச்சிக்கினு, மொதல்ல எப்டி உட்டீங்க?"

காலனியில் வெள்ளிக்கிழமை

கம்பம் இப்போது காலனித் தெருவின் நுழைவில் நிற்கிறது. சாலமனும் அவர் பஸ் தோழர்களும் சுரண்டிச் சாயம் அடித்து, உச்சிச் சட்டத்தில் விளக்கும் பொருத்திவிட்டார்கள். இருட்டத் தொடங்கும் நேரத்தில் முதல் தடவை எரிந்தது. பூ வேலையின் நிழல் மண்ணில் விழுந்தது. எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். சாலமன் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான் ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூட்டத்தின் ஓரத்தில், தெரு ஆரம்பிக்கிற இடத்தில் கஸ்தூரி அம்மா. கையில் மஞ்சள் கிண்ணம். வெள்ளிக்கிழமை என்று பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டார், ஆனால் அதற்கு மேல் கால் வரவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவுக்குள் அவர் வந்ததே இல்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று குனிந்து, நிமிர்ந்து, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். சாலமன் பார்த்துவிட்டார். கம்பத்தை விட்டுவிட்டு அவரிடம் நடந்து வந்தார்.

"செருப்போடவே உள்ள வாங்கம்மா. எங்க தெருவுல யாரயும் நிறுத்தறதில்ல."

இப்போதெல்லாம் 'கம்பத்தாண்ட' என்றால் ஆட்டோக்காரர்கள் காலனியில்தான் இறக்கிவிடுகிறார்கள், எங்கள் தெருவுக்கு வர வேண்டிய கல்யாண விருந்தாளிகள் அங்கிருந்து வழி கேட்டு நடந்து வருகிறார்கள், பார்த்தசாரதி சார் இதற்கு ஒரு திருத்தம் போடச் சொல்லி அமாவாசைக்கு அமாவாசை என் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்.